கண்ணாடித் தொட்டி மீன்களும் குழாய்த் தண்ணீரும்

கருமத்தம்பட்டி வட்டாரத்தில் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் பலர். தொட்டி அழுக்கடைந்ததென்று ஒருநாள் முழுவதையும் இறைத்துக் கழுவி, புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்புகிறார்கள். மறுநாள் மீன்கள் செத்து மிதக்கின்றன. பழி மீன் விற்றவன்மேல் விழுகிறது. பெரும்பாலும் அவன் குற்றவாளியல்லன்.

குழாய்த் தண்ணீரில் கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தரவிதி. மனிதருக்குத் தீங்கில்லாத இவ்வளவே மீனின் செவுள்களைப் புண்ணாக்க வல்லது. ஆகையால் தண்ணீரை வாயகன்ற அண்டாவில் பிடித்து, திறந்தபடி ஒரு பகலும் இரவும் வைத்து, இடையிடையே கலக்கிவிடவேண்டும். மூடிய நிலத்தொட்டியில் கிடந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கலாகாது. அவசரமாயின் 100 லிட்டருக்கு 1 கிராம் 'ஹைப்போ' உப்பைக் கரைத்தால் போதும். முன்னாளில் போட்டோ கழுவுவோர் உபயோகித்த உப்பே இது.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் குளோரின் இல்லை. எனினும் பிராணவாயு குறைவு. உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றி, ஓர் இரவு வைத்து உபயோகிக்கவும். கப்பி, மோலி மீன்கள் இதைத் தாங்கும். டெட்ரா போன்றவற்றுக்கு நல்ல தண்ணீரே ஏற்றது.

குளோரினை நீக்கினாலும் முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றுவது தவறு. வயலில் எருவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை ருஷ்ய சாஸ்திரி வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் பிரித்தறிந்தார். அவ்வகை உயிர்களே தொட்டியின் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருந்து மீனின் கழிவை மாற்றுகின்றன. மணலையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அவை அழியும். பின் அம்மோனியா தேங்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசவேண்டும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை, அடிவண்டலுடன் ரப்பர் குழாயால் இழுத்து, அதே சூடுள்ள, பக்குவப்படுத்திய தண்ணீரை மெதுவாக ஊற்றுக. கோடையில் வற்றியதை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் உப்பும் நைட்ரேட்டும் ஏறிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் கவனியாத தொட்டியின் தண்ணீர் புளிப்புத் தன்மையடையும். அதில் அம்மோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். காரமான கிணற்றுத் தண்ணீரை நிறைய ஊற்றினால் அது அக்கணமே கடுமையாகும். அத்தகைய தொட்டியில் நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றலாகாது.

எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றலாம். நோய்க்கு மருந்தோ உப்போ இட்ட தண்ணீராயின் கூடாது.