மனம் அடங்கினால் இசை மலரும்



1937ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள். பாரிஸ் நகரின் நோட்ரடாம் பேராலயத்தில் மக்கள் கூடியிருந்தனர். ஓர்கன் முன் அமர்ந்திருந்தவர் லூயி வியேர்ன். பிறவியிலேயே பார்வை மிகக் குன்றிய இவர், 1900ஆம் ஆண்டு முதல் அப்பேராலயத்தின் ஓர்கன் கலைஞராகப் பணியாற்றியவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு மகனையும் ஒரு சகோதரனையும் இழந்தவர்.

முன்னரே எழுதப்பட்ட படைப்புகளை அவர் இசைத்து முடித்தார். அடுத்து, பிறர் தரும் ஓர் இசைக் கருவை எடுத்து, அந்த வேளையிலேயே புதிய இசையாக விரித்து இசைக்க வேண்டும். இதனையே நம்மவர் மனோதர்மம் என்பர். பிரெயில் எழுத்தில் தரப்பட்ட கருவை அவர் விரல்களால் தடவி அறிந்தார். அது அன்னை மரியாளைப் போற்றும் பழைய இலத்தீன் கீதம் ஒன்றின் இசை. ஆனால் தொடங்குமுன்னே அவர் சாய்ந்தார். அவரது பாதம் பட்டு எழுந்த கனத்த ஒற்றைச் சுரமே அவரது இறுதி இசையாயிற்று.

மனோதர்ம இசை எங்கிருந்து பிறக்கிறது? 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஜாஸ் பியானோக் கலைஞர் ஆறு பேர் கற்பனையாக இசைத்தபோது, தம்மைத் தாமே கண்காணிப்பதோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயற்பாடு குறைந்திருந்தது. தம்மை வெளிப்படுத்துவதோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடோ கூடியிருந்தது. 'பிழை விட்டுவிடுவேனோ, பிறர் என்ன நினைப்பார்களோ' என்று நம்முள்ளே ஓயாது தீர்ப்பிடும் குரல் ஒன்று உண்டு அல்லவா? அது ஓயும்போதே விரல்கள் விடுதலை பெறுகின்றன.

எனினும், இந்த அமைதி சோம்பல் அன்று. பல்லாண்டுக் காலம் நாள்தோறும் பயின்றவரின் விரல்களே மனத்தின் ஏவலின்றி வழியறியும். பயிற்சியின்போது பிழைகளை ஆராய வேண்டும். இசைக்கும்போது அந்த ஆராய்ச்சியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆலயப் பாடகர் குழாமில் கீபோட் வாசிக்கக் கற்கிறதா? ஒவ்வொரு தவறான சுரத்துக்கும் முகஞ்சுளித்தால், நாளை உங்கள் குரலே அப்பிள்ளையின் உள்ளிருந்து தீர்ப்பிடும். பிழை திருத்தும் நேரம் ஒன்று இருக்கட்டும். மகிழ்ந்து இசைக்கும் நேரமும் ஒன்று இருக்கட்டும்.

நமது செபமும் இவ்வாறானதே. செபிக்கும்போதே 'நன்றாகச் செபிக்கிறேனா' என்று நம்மையே அளந்துகொண்டிருந்தால், நம் கண்கள் இறைவன்மீது அல்ல, நம்மீதே இருக்கும்.

வியேர்னின் கையில் வைக்கப்பட்ட கரு அவர் தெரிந்தெடுத்ததன்று. நோயும் இழப்பும் பிரிவும் நாம் கேளாமலே நம் கையில் வைக்கப்படும் கருக்கள். 'ஏன் எனக்கு இது?' என்ற வினா எழத்தான் செய்யும். அதனையும் இறைவனிடமே ஒப்படைப்போம். பின் சற்று அமைதியாக இருந்து, தரப்பட்ட கருவை விரல்களால் தடவி அறிவோம். முதற் சுரத்தை இசைக்கும் துணிவை இறைவன் தருவாராக.