தோற்கருவிகளில் அதிரிழை: சைடு டிரம், உடுக்கை ஆகியவற்றின் சீரமைப்பை முன்வைத்து

முன்னுரை

தமிழிசை மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காக வகுக்கிறது. தோலும் இழையும் ஒருங்கே ஒலிக்கும் கருவிகள் இப்பகுப்பின் எல்லையில் நிற்பவை. அணிவகுப்பில் தோள்வாரில் தொங்கவிட்டு முழக்கப்படும் சைடு டிரம்மும், அம்மன் வழிபாட்டில் முழங்கும் உடுக்கையும் அத்தகையன. இவற்றின் ஒரு முகத்துத் தோலின்மேல் இழுத்துக் கட்டப்படும் இழை, இக்கட்டுரையில் ‘அதிரிழை’ எனச் சுட்டப்படுகிறது. பழைய மரக்கருவிகளைச் சீரமைக்கையில் எளிதில் சிதைவது அதிரிழையின் அமைப்பே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிரிழையின் தொழிற்பாடு

சைடு டிரம்மின் மேல்தோலைக் கோலால் அடிக்கையில், உள்ளிருக்கும் காற்றின் வழியே அடித்தோல் அதிர்கிறது. அத்தோலைத் தொட்டிருக்கும் இழைகள் அதன்மேல் மீண்டும் மீண்டும் மோதுவதால் கூரிய சரசரப்பொலி எழுகிறது. இழை தளர்ந்தால் ஒலி சிதறும்; மிகுதியாக முறுக்கினால் அடங்கும். இழைகள் தோலோடு படிந்து கிடப்பதற்காக, மரக்கூட்டின் அடிவிளிம்பில் எதிரெதிரே இரண்டு ஆழமற்ற பள்ளங்கள் செதுக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இப்பள்ளங்களே கருவியின் ஒலியைத் தீர்மானிப்பனவற்றுள் முதன்மையானவை.

உடுக்கையில் இடை சுருங்கிய கூட்டின் இருமுகங்களும் கயிற்றால் பிணைக்கப்படுகின்றன. கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குவர். அடிக்கப்படாத முகத்தில் அமையும் இழை, அதன் ஒலிக்கு உறுமலைச் சேர்க்கிறது.

வரலாற்றுப் பின்புலம்

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் நியமித்த ஐம்பதின்மருள், பாடுவோர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவர். பண்ணிசைக்கும் உடுக்கை துணையாக இருந்தமை இதனால் பெறப்படுகிறது. பின்னாளில் அதே தஞ்சையில் இரண்டாம் சரபோசி (1798–1832) அரண்மனையில் மேலைநாட்டுப் பேண்டு இசையை வளர்த்தார். இழையுடைய தோற்கருவியைத் தமிழகம் முதன்முதல் அறிந்தது பேண்டு வாத்தியத்தின் வழியே என்று கருதுதல் பொருந்தாது.

சீரமைப்பில் நேரும் இழப்பு

பழைய சைடு டிரம்மில் வளையங்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு பின்னப்பட்டிருக்கும். கயிற்றின்மேல் நகரும் தோல்பட்டைகளே இறுக்கத்தைத் தந்தன. பின்னர் உலோகத் திருகாணிகள் அவ்விடத்தைப் பெற்றன. 1950களில் விலங்குத்தோலுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் தோல் பரவியது. தவிலிலும் வார்க்கட்டின் இடத்தை உலோக வளையமும் திருகாணியும் பெற்றுள்ளன. இம்மாற்றங்கள் வாசிப்போர்க்கு வசதி தந்தன. எனினும், கயிறு போகும்போது கயிறு பின்னும் முறையும், அதற்குரிய தொழிற்சொற்களும் உடன் போகின்றன.

கயிற்றையும் தோலையும் மீண்டும் மாற்றலாம். ஆனால், மரவிளிம்பைச் சமன்செய்யும் நோக்கில் பள்ளங்களைத் தேய்த்துவிட்டால் அவற்றின் பழைய அளவை மீட்க வழியில்லை. உடுக்கையில் தோலை மாற்றுகையில் இழையின் பொருள், எண்ணிக்கை, கட்டிய இடம் ஆகியவற்றைக் குறிக்காவிடின், புதிய தோல் பழைய ஒலியைத் தராது. சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் குறித்த பின்னரே மூலபாடத்தை நிறுவுவார். கருவியைச் சீரமைப்பவருக்கும் இந்நெறி பொருந்தும்.

உத்திரமேரூர்ச் சூழல்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரிய உறுப்பினரின் தகுதிகளையும் குடவோலை முறையையும் நுணுக்கமாக விவரிக்கின்றன. ஊராட்சி விதிகளைக் கல்லில் பொறித்த இத்தொண்டை மண்டலத்தில், தோல் கட்டும் தொழில்நுட்பமோ பெரிதும் கைப்பழக்கமாகவும் வாய்மொழியாகவுமே கைமாறி வந்துள்ளது. ஆகவே, இப்பகுதியின் பம்பை, உடுக்கைக் கலைஞர்களிடமும் கருவி செய்வோரிடமும் தொழிற்சொற்களைத் திரட்டுதல் கள ஆய்வின் உடனடித் தேவையாகும்.

முடிவுரை

அதிரிழை, தோற்கருவியின் ஒலியை வரையறுக்கும் உறுப்பு. வெறும் துணையுறுப்பு அன்று. சீரமைப்புக்கு முன் விளிம்பின் அளவு, இழையின் அமைப்பு, கட்டுமுறை ஆகியன படத்தோடும் தொழிற்சொற்களோடும் ஆவணப்படுத்தப்பட வேண்டும். கழற்றிய பழைய உறுப்புகளும் கருவியோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். ஒரு கருவியின் தோற்றம் மட்டும் மீண்டு, ஒலி மீளாதாயின் அச்சீரமைப்பு முழுமை பெறாது.