தறியில் நெய்யும் பாசிமணி பிரேஸ்லெட்: எப்படிச் செய்கிறார்கள், விலை எப்படிப் போடுவது?

பூ, கட்டம், பெயர் எழுத்து எனப் பல டிசைன்களில் பாசிமணி பிரேஸ்லெட்டுகளை ஆன்லைனில் பார்த்திருப்பீங்க. ‘மணியும் நூலும்தானே, இதுக்கு இவ்வளவு விலையா?’ என்றும் தோன்றியிருக்கும். வீட்டிலிருந்தே செய்து விற்க நினைப்பவர்களுக்கோ வேறு கேள்வி: என்ன விலை வைத்தால் கட்டுப்படியாகும்? இரண்டுக்கும் விடை செய்முறையில் இருக்கிறது.

இது என்ன தறி?

கைத்தறி போலப் பெரிய கருவி இல்லை. நூல்களை இடைவெளி விட்டு இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்னச் சட்டம், அவ்வளவுதான். கெட்டியான அட்டைப் பெட்டியின் எதிரெதிர் ஓரங்களில் வெட்டுப் போட்டும் பழகலாம்.

பாசிமணி வேலை இந்தியாவுக்குப் புதிதல்ல. சௌராஷ்டிராவின் மோதி பரத்தும் நாகா மக்களின் பல சர மாலைகளும் பேர் பெற்றவை. ஆனால் மோதி பரத்தில் தறி கிடையாது. ஊசி நூலாலேயே மணிகளை வலைபோலக் கோர்ப்பார்கள்.

நெய்வது எப்படி?

நீளவாக்கில் கட்டுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை நூல். மணிகளைவிடப் பாவு நூல் ஒன்று கூடுதலாக வேண்டும். 11 மணி அகலம் என்றால் 12 நூல். ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் டிசைனுக்கு நடுக்கோடு கிடைக்கும்.

1. ஊடை நூலை ஓரப் பாவில் முடிந்து, ஊசியில் 11 மணிகளைக் கோருங்கள்.

2. அவற்றைப் பாவுக்குக் கீழே கொண்டுபோய், விரலால் மேலே தள்ளுங்கள். இரண்டு நூலுக்கு ஒரு மணி என உட்கார வேண்டும்.

3. அதே மணிகளுக்குள் ஊசியைத் திருப்பி விடுங்கள். இம்முறை ஊசி எல்லாப் பாவு நூலுக்கும் மேலே போகணும். ஒன்றுக்குக் கீழே போனாலும் அந்த இடம் பிடிப்பில்லாமல் ஆடும்.

கடைசியில் மிஞ்சும் நூல் முனைகளை முடிச்சோடு விட்டுவிடாமல், ஏற்கெனவே நெய்த சில வரிசைகளுக்குள் செலுத்தி மறைக்க வேண்டும். இதை அவசரமாக முடித்த பிரேஸ்லெட்தான் சீக்கிரம் பிரியும்.

கணக்கு என்ன சொல்கிறது?

16 செ.மீ. நீளம், சுமார் 2 மி.மீ. மணி என்றால் 80 வரிசை வரும். வரிசைக்கு 11 வீதம் 880 மணிகள். ஒரு வரிசைக்கு 2 நிமிடம் என்றாலும் நெய்ய மட்டும் 2 மணி 40 நிமிடம். பாவு கட்ட, முனைகளை மறைக்க, கொக்கி மாட்ட 1 மணி 20 நிமிடம் சேர்த்தால் மொத்தம் 4 மணி நேரம்.

பொருள் செலவு ரூ.100, உங்கள் உழைப்புக்கு மணிக்கு ரூ.100 என்று வையுங்கள். அடக்கமே ரூ.500. பேக்கிங், கூரியர் தனி. ‘பக்கத்துக் கடையில் இவ்வளவுதான்’ என்று ரூ.250-க்குக் கொடுத்தால், கையில் நிற்பது மணிக்கு ரூ.37.50. வியாபாரம் ஓடுகிற மாதிரி தெரியும், சம்பளம் இருக்காது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

- லேசாக வளைத்துப் பாருங்கள்; மணிகளுக்கு இடையே நூல் பல்லிளிக்கக் கூடாது.
- ஓரங்கள் நேராக இருக்க வேண்டும்.
- கொக்கிப் பக்கம் வெறும் பசையில் நிற்கிறதா என்று கேளுங்கள்.

விற்க நினைப்பவர்கள் முதல் மூன்று பிரேஸ்லெட்டுகளுக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு விலையை எழுதுங்கள்.