கோடையில் கடல் தாண்டும் மாணவர்கள்!
படிப்பது ஒரு நாட்டில். தட்டுக் கழுவுவது இன்னொரு நாட்டில்!

அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில், அட்லாண்டிக் கடற்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் ஓஷன் சிட்டி.

அங்கே நிலையாகக் குடியிருப்பவர்கள் சுமார் 7 ஆயிரம் பேர்தான். ஆனால் கோடைக்காலம் வந்துவிட்டால், சனி, ஞாயிறுகளில் 3 லட்சம் பேர் கூடிவிடுகிறார்கள். ஊரே திருவிழாக் கோலம்!

இத்தனை பேருக்கும் காப்பி கொடுப்பது யார்? படுக்கை விரிப்பது யார்? ராட்டினத்தை ஓட்டுவது யார்?

இந்த வேலைகளைச் செய்கிறவர்களில் பலர் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள்! பல்கேரியா, ருமேனியா போன்ற நாடுகளில் இருந்து விமானம் ஏறி வருகிறார்கள். ஓட்டல் அறைகளைத் துடைக்கிறார்கள், ஐஸ்கிரீம் விற்கிறார்கள், நீச்சல் குளத்தில் காவல் இருக்கிறார்கள். கோடை முடிந்ததும் ஊர் திரும்பி, மறுபடி வகுப்பில் உட்காருகிறார்கள்.

சட்டம் பிறந்த கதை

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. உலகம் இரண்டு அணியாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த காலம். அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் கென்னடி. 1961-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி அவர் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பல நாட்டு மக்களும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துப் பழக வேண்டும். பழகினால் பகை குறையும். இதுதான் சட்டத்தின் நோக்கம்.

இப்படி வருகிறவர்களுக்குத் தரும் விசாவுக்கு "ஜே-1" என்று பெயர். பேராசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள் என்று பல வகையினர் இந்த விசாவில் வருகிறார்கள். கோடை வேலைக்கு வரும் மாணவர்களும் அதில் ஒரு வகை.

யார் போகலாம்?

கல்லூரியில் முழுநேரம் படிப்பவராக இருக்க வேண்டும். ஒரு செமஸ்டராவது முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். 4 மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது.

அவரவர் நாட்டில் கோடை விடுமுறை எப்போதோ, அப்போதுதான் போகலாம். பெரு, சிலி போன்ற தென் அமெரிக்க நாடுகளில் டிசம்பரில்தான் கோடை தொடங்கும். அப்போது அமெரிக்காவில் பனி கொட்டும்! ஆகவே அந்த நாட்டு மாணவர்கள் பனிச்சறுக்கு நடக்கும் மலை ஊர்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் வெயில், வேலை பனியில்!

மாணவர்களை அழைத்து வர, அரசாங்கம் சில நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. வேலை உண்மையானதா என்று பார்ப்பது அவற்றின் பொறுப்பு. மாணவருக்கு மருத்துவ இன்சூரன்சும் இருக்க வேண்டும்.

அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்த பட்சக் கூலி, 2009-ம் ஆண்டு முதல் மணிக்கு ஏழேகால் டாலர். பல மாநிலங்களில் இதைவிட அதிகம். பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் அமெரிக்கருக்குக் கூடுதல் கூலி என்றால், மாணவருக்கும் அதையே கொடுக்க வேண்டும்.

கடனும் கண்ணீரும்

ஆனால் போகிற செலவு மாணவர் தலையில்! விமானச் சீட்டு, விசா கட்டணம், நிறுவனத்துக்குக் கட்டணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பல வீடுகளில் பெற்றோர் கடன் வாங்கித்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். சம்பாதித்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம்.

2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தக் குறை வெடித்தது. பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லெட் பெட்டி கட்டும் ஒரு கிடங்கு. சீனா, நைஜீரியா, ருமேனியா, உக்ரைன் முதலிய நாடுகளின் மாணவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் மருத்துவம் படிப்பவர்களும் உண்டு.

கனமான பெட்டிகளைத் தூக்க வேண்டும். பலருக்கு இரவு வேலை. அறை வாடகையைக் கூலியிலேயே பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் கொஞ்சம்தான். "அமெரிக்காவைப் பார்க்க வந்தோம், பெட்டியைத்தானே பார்க்கிறோம்!" என்ற மனக்குமுறல்.

நூற்றுக்கணக்கான மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நாடே திரும்பிப் பார்த்தது!

விதிகள் மாறின

அதன் பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2011-ல் வந்த மாணவர்கள் சுமார் 1,09,000 பேர். இனி அந்த அளவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது.

2012-ல் விதிகளைக் கடுமையாக்கியது. தொழிற்சாலை, கிடங்கு, கட்டிட வேலை, விவசாயம், சுரங்கம் ஆகியவற்றில் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தையே முக்கிய வேலை நேரமாக வைக்கக் கூடாது. அமெரிக்க மக்களோடு பழகவும், ஊரைப் பார்க்கவும் வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்களும் உண்டு. இந்த மாணவர்களுக்கு முதலாளி சமூகப் பாதுகாப்பு வரி கட்ட வேண்டியது இல்லை. "ஆகவே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை போகிறது" என்பது அவர்கள் வாதம். "ஆகஸ்டிலேயே எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கூட்டம் குறைவது செப்டம்பரில்தான். அதுவரை ஆளுக்கு எங்கே போவது?" என்பது கடைக்காரர்களின் பதில்.

கையெழுத்துப் போடும் முன்பு

எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என்ன வேலை? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? அறை வாடகை எவ்வளவு? ஓர் அறையில் எத்தனை பேர்? தொல்லை வந்தால் யாரிடம் சொல்வது? செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

விசா கொடுக்கும்போது, தொழிலாளியின் உரிமைகளை விளக்கும் சிறு புத்தகம் ஒன்றை அமெரிக்கத் தூதரகம் கொடுக்கிறது. 2008-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏற்பாடு இது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் உள்ள முக்கியமான செய்தி. வாங்கிப் பைக்குள் போட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

தட்டுக் கழுவுவதில் இழிவு இல்லை. விருந்தாளி என்று அழைத்து, வேலைக்காரனாக மட்டும் நடத்துவதுதான் இழிவு. கடலைத் தாண்டி வந்த பிள்ளை, கையில் கொஞ்சம் பணத்தோடும், மனதில் நாலு நண்பர்களோடும் வீடு திரும்ப வேண்டும். அப்போதுதான் 1961-ல் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு!