பெண்களின் உடற்கட்டுப் போட்டியும் ஊக்கமருந்தும்: பொறுப்பு யாருடையது?

பெண்கள் மேடையேறித் தங்கள் தசைக்கட்டைக் காட்டிப் பரிசு பெறும் போட்டிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அங்கே புழங்கும் ஊக்கமருந்துகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று ஒரு சாராரும், வயது வந்த ஒரு பெண் தன் சரீரத்தை என்ன செய்துகொள்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும் என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், மருந்தைக் கொடுப்பவர் யார், அதன் குணதோஷங்களை உள்ளபடி அறிந்தவர் யார், பரிசுக்குரிய அளவுகோலை வகுப்பவர் யார், கெடுதி நேர்ந்தால் அதைச் சுமப்பவர் யார் என்ற கேள்விகளை இரு கட்சியாருமே போதிய அளவு கேட்பதில்லை என்பது என் அபிப்பிராயம். அறிவு ஒருவரிடமும் அபாயம் இன்னொருவரிடமும் இருக்கிற வரையில், அந்தப் பெண் கொடுக்கும் சம்மதம் முழுச் சம்மதமாகாது.

அளவுகோல் மாறிய விதம்

மிஸ் ஒலிம்பியா போட்டி முதன்முதலில் 1980-இல் நடந்தபோது ரேச்சல் மெக்லிஷ் வென்றார். 1983-இல் லாஸ் வேகஸ் நகரில் நடந்த ஒரு போட்டியில், வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) துறையிலிருந்து வந்த ஆஸ்திரேலியரான பெவ் ஃபிரான்சிஸ், அதுவரை எந்த மேடையும் காணாத தசைத் திரட்சியோடு நின்றார். நடுவர்கள் அவரை எட்டாம் இடத்தில் வைத்தார்கள். பெண்மைக்கு இலக்கணம் எது என்று அவர்கள் தமக்குள் தர்க்கித்துக்கொண்டதை 'பம்ப்பிங் அயர்ன் 2: தி விமன்' என்ற ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. அதே ஃபிரான்சிஸ், முன்னிலும் பெரிய உடற்கட்டோடு 1991 மிஸ் ஒலிம்பியாவுக்கு வந்து, லெண்டா மர்ரியிடம் மயிரிழையில் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். தசைத் திரட்சி மிகுவதற்கு இவ்வாறு இடம் கொடுத்த சர்வதேச உடற்கட்டுச் சம்மேளனமே, 2004-ஆம் ஆண்டின் இறுதியில், அழகையும் ஆரோக்கியத்தையும் காரணம் காட்டி, தேவைப்படும் வீராங்கனைகள் தங்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொள்ளுமாறு சுற்றறிக்கை விடுத்தது. பிறகு, மிதமான கட்டுடலை எதிர்பார்க்கும் 'விமன்ஸ் ஃபிசீக்' என்ற பிரிவு தோன்றி, 2013-இல் ஒலிம்பியா மேடையை அடைந்தது. மிஸ் ஒலிம்பியா 2014-க்குப் பின் நிறுத்தப்பட்டு, 2020-இல் மீண்டும் தொடங்கியது.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது யாதெனில், அளவுகோலை ஏற்றியதும் இறக்கியதும் வீராங்கனைகள் அல்லர் என்பதே. எந்த அளவு தசைக்குப் பரிசு என்று முடிவு செய்யும் அதிகாரம் நடுவர்களிடமும் சம்மேளனத்திடமும் இருக்க, அந்த அளவை எட்டுவதற்கு என்ன வழி என்ற ரகசியம் பயிற்சியாளர்களிடம் இருக்க, எட்டியதன் பலாபலன் மட்டும் மேடையில் நின்றவளைச் சேர்ந்தது. மருந்தின்றி அந்த நிலையை அடைவது அரிது என்று தெரிந்தும், பரிசோதனையே நடத்தாமல் அதற்குப் பரிசு கொடுப்பவர்கள், 'நாங்கள் யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை' என்று சொல்வதில் அவ்வளவாக நேர்மை இல்லை.

சரீரத்தில் நிகழ்வது

ஆணின் இரத்தத்தில் இயற்கையாக ஓடும் டெஸ்டோஸ்டிரோன், பெண்ணின் இரத்தத்தில் உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். ஆகவே, அந்த ஹார்மோனைப் போலச் செயல்படும் ஸ்டீராய்டு, ஆணுக்குச் சிறிது என்று தோன்றும் அளவில்கூடப் பெண்ணின் சரீரத்தில் பெரிய மாறுதலைச் செய்யவல்லது. மாதவிடாய் தாறுமாறாவதும் நின்றுபோவதும், முகப்பருவும், மருந்தை விட்டபின் பெரும்பாலும் சீர்படக்கூடும். ஆனால், குரல்நாண் தடித்துக் குரல் கனத்துப்போவதும், பெண்குறிக் காம்பு பெரிதாவதும் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை. முகத்தில் வளர்ந்த மயிர் நீங்காமலும் தலையில் உதிர்ந்த மயிர் திரும்ப வளராமலும் போவதுண்டு. மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டுகள் பல கல்லீரலுக்குக் கெடுதி செய்வன. நல்ல கொழுப்பைக் குறைத்து, கெட்ட கொழுப்பை ஏற்றி, இருதயத்துக்கும் ஊறு விளைவிப்பன. கர்ப்பிணி உட்கொண்டால், வயிற்றிலுள்ள பெண் சிசுவின் உறுப்புகள் ஆண்தன்மை பெறும் அபாயமும் உண்டு.

'பெண்களுக்கு ஏற்ற மிருதுவான மருந்து' என்று ஜிம்களில் சிபாரிசு செய்யப்படும் ஆக்ஸாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டும் இந்த விதிக்கு விலக்கல்ல. அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2023-இல் அதற்கான அங்கீகாரத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. கொழுப்பைக் கரைப்பதற்கென்று கொடுக்கப்படும் கிளென்பியூட்டரால் இருதயத் துடிப்பைப் படபடக்க வைக்கிறது. போட்டிக்கு முதல் நாள் தோலுக்கடியில் நீரின்றித் தெரிய வேண்டும் என்று விழுங்கும் நீர்போக்கு மருந்துகள், பொட்டாசியத்தின் சமநிலையைக் குலைத்து, இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடியவை.

அறியாமையில் நிகழ்ந்த அநியாயம்

அறிவு ஒரு கையிலும் சரீரம் மறு கையிலும் இருந்தால் என்ன நேரும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி ஒரு பிரத்தியட்ச சாட்சி. உடற்கட்டுத் துறையைச் சேர்ந்ததன்று என்றாலும், இந்த விவாதத்தில் அதை ஒதுக்குவதற்கில்லை. 1974 முதல், '14.25' என்று எண்ணிடப்பட்ட ரகசிய அரசாங்கத் திட்டத்தின் கீழ், சிறுமிகள் உள்பட ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு ஓரல்-டூரினபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. அவர்களில் பலரிடம் அது வைட்டமின் என்றே சொல்லப்பட்டது. அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவர் மன்ஃப்ரெட் எவால்டும், மருத்துவ அதிகாரி மன்ஃப்ரெட் ஹோப்னரும், உடலுக்கு ஊறு விளைவிக்கத் துணைநின்ற குற்றத்துக்காக 2000-ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டபோதிலும், அந்தத் தண்டனையைச் சிறையில் கழிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கோ வாழ்நாள் முழுவதும் மருத்துவம்.

உங்கள் உரிமைகள்

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கூடச் சொத்தை உண்டா என்று திருப்பிப் பார்த்தே கூடையில் போடுகிறார்; தன் உடலில் ஏற்றும் மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை ஒரு வீராங்கனைக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. இந்தியாவில் ஆண் ஹார்மோன் மருந்துகளும் தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளும் மருந்து விதிகளின் 'ஹெச்' அட்டவணையைச் சேர்ந்தவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதவை. ஆகவே, சீட்டில்லாமல் மருந்தை நீட்டும் கோச்சும் கடைக்காரரும் உங்களுக்கு உதவி செய்யவில்லை, சட்டத்தை மீறுகிறார்கள். சப்ளிமென்ட் என்ற பெயரில் விற்கும் உணவுப் பொருளில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ கலப்பதற்கும் உணவுப் பாதுகாப்பு விதிகளில் அனுமதி இல்லை.

போட்டி, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'நாடா'வின் பரிசோதனைக்கு உட்பட்டதானால், 2022-ஆம் ஆண்டு தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டமும் உலக அமைப்பான 'வாடா'வின் விதிகளும் செல்லும். தடை செய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தாலே, அது எப்படி வந்தது என்பதற்கு நீங்களே பொறுப்பாளி என்பது அந்த விதிகளின் கடுமையான அடிப்படை. ஸ்டீராய்டுக்குப் பொதுவாக 4 ஆண்டு போட்டித் தடை. எனினும், மாதிரி எடுக்க வருகிறவரின் அடையாளச் சீட்டைப் பார்க்கவும், ஒரு பிரதிநிதியை உடன் அழைக்கவும், சிறுநீர் கொடுக்கும்போது பெண் சாட்சியே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவும், 'பி' மாதிரியைப் பரிசோதிக்கக் கோரவும், ஒழுங்கு விசாரணைக் குழுவின் தீர்ப்பின் மேல் மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. நோய்க்காக ஒரு மருந்து அவசியமானால், மருத்துவப் பயன்பாட்டு விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

பரிகாரங்கள்

ஏற்கனவே மருந்தை உட்கொண்டிருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, வெட்கத்தைத் தள்ளிவைத்து ஹார்மோன் நிபுணரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது; நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. கல்லீரல், கொழுப்பு, இரத்த அழுத்தம், இருதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குரல் கரகரக்கத் தொடங்கினால் அடுத்த போட்டி வரையில் காத்திராமல் உடனே மருந்தை விட்டுக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அந்த மாற்றம் பெரும்பாலும் பின்வாங்குவதில்லை. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறி விதி.

மருந்து டப்பா, பாட்ச் எண், ரசீது, கோச் அனுப்பிய செய்திகள், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றை எறிந்துவிடாமல் காத்து வையுங்கள். கலப்படச் சப்ளிமென்டைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறையிலும், சீட்டில்லா விற்பனையைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும், நஷ்டஈட்டுக்காக நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். ஆணையத்துக்குப் போகக் காலக்கெடு 2 ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீராங்கனைக்கு மருந்தைக் கொடுத்த, விற்ற பயிற்சியாளருக்கு வாடா விதிகள் குறைந்தது 4 ஆண்டு முதல் வாழ்நாள் வரை தடை விதிக்கின்றன. உண்மையைச் சொல்லி அத்தகையவர்களைக் காட்டிக்கொடுப்பவரின் தண்டனையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கவும் இடமுண்டு.

தடையா சுதந்திரமா என்ற விவாதம் இன்னும் பல ஆண்டு நடக்கட்டும். அதற்குள் ஒரு காரியத்தை இப்போதே கேட்கலாம்: போட்டி நடத்துகிற ஒவ்வொரு சங்கமும் தன் விண்ணப்பப் படிவத்திலேயே, பரிசோதனை உண்டா இல்லையா, உண்டென்றால் யார் நடத்துவது, எந்தப் பட்டியலின்படி என்று அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டும். கட்டணம் கட்டுமுன் இதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுக்கத் தயங்குகிற சங்கத்துக்கு உங்கள் கட்டணமும் வேண்டாம், உங்கள் சரீரமும் வேண்டாம்.