கடையைச் சாத்தினால் கம்பெனி மூடியதாகாது



கம்பெனி தொடங்குவது எப்படி என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. மூடுவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சாமை, தினை விற்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று நடத்தினோம். சில ஆண்டுகளில் உறுப்பினர்களுக்கு நேரடி வாடிக்கையாளர்கள் அமைந்துவிட்டார்கள். நடுவில் கம்பெனி தேவைப்படவில்லை. வெளிக்கடன் இல்லை, சண்டை சச்சரவும் இல்லை. குடோன் சாவியைக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சுது" என்று அவரவர் காட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஆனால் முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை ஆண்டுக் கணக்கை ஏ.ஓ.சி-4 படிவத்திலும், ஆண்டறிக்கையை அதற்குரிய படிவத்திலும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய். இரண்டு படிவத்துக்கும் ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 73,000 ரூபாய்! தொடர்ந்து 3 ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்களை 5 ஆண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக நியமிக்க முடியாது.

எங்கள் ஐவரில் இளையவரான தங்கச்சியைப் பக்கத்து வட்டாரத்தில் புதுக் கம்பெனிக்கு இயக்குநராகக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் ஆடிட்டரிடம் போனோம். "அண்ணே, மூணாவது வருசமும் விட்டீங்கன்னா அஞ்சு பேருக்கும் தகுதி போயிரும்" என்றார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. தலைவராக இருந்த எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு நாங்கள் செய்ததும், நீங்கள் செய்யவேண்டியதும் இவைதான்.

1. வியாபாரம் நின்று 2 நிதியாண்டு முடிந்திருந்தால், பெயரை நீக்கக் கம்பெனியே விண்ணப்பிக்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 248ஆம் பிரிவு இதற்கு வழி தருகிறது.

2. வியாபாரம் நின்ற நிதியாண்டு வரைக்குமான படிவங்களை முதலில் தாக்கல் செய்ய வேண்டும். எங்களுக்கு 700 நாள் தாமதம்; 1,40,000 ரூபாய். உறுப்பினர்களின் பங்குப் பணத்தில் கைவைக்க மனசு வரவில்லை. ஐந்து பேரும் ஆளுக்கு 28,000 கைக்காசு போட்டோம்.

3. கடன், வரி, வாடகை, சம்பளம் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. மானியத்தில் வந்த இயந்திரம் இருந்தால், கொடுத்த துறையிடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து, 3 மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் (ஜி.எஸ்.டி.ஆர்-10) போடுங்கள். வங்கிக் கணக்கை முடித்து, அதற்கான சான்று வாங்குங்கள்.

4. பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போடுங்கள். செலுத்திய பங்கு மூலதனத்தில் 75 விழுக்காடு வைத்திருக்கும் உறுப்பினர்களின் சம்மதம் இருந்தாலும் போதும். மிச்சப் பணத்தை உறுப்பினர்களுக்கு எந்த முறையில் கொடுப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. எஸ்.டி.கே-2 விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10,000 ரூபாய். ஒவ்வோர் இயக்குநரும் தரும் பொறுப்பேற்புப் பத்திரம், உறுதிமொழிப் பத்திரம், ஆடிட்டர் சான்றளித்த கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணைக்க வேண்டும். அந்தக் கணக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. 2023 மே முதல் இந்த விண்ணப்பங்களை 'சி-பேஸ்' என்ற மையம் பரிசீலிக்கிறது. எல்லாமே இணைய வழிதான்.

6. ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுத்து அறிவிப்பு வெளியாகும். அதன்பின் அரசிதழில் பெயர் நீக்க அறிவிப்பு வரும். அன்றுதான் கம்பெனி மூடியதாக அர்த்தம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பெயர் நீங்கிய பிறகும் பழைய பாக்கிக்கு இயக்குநர்களின் பொறுப்பு தொடரும். அதனால் எதையும் மறைத்து மூட நினைக்காதீர்கள். மீண்டும் நடத்தும் எண்ணம் இருந்தால், பெயரை நீக்காமல் 'செயலற்ற கம்பெனி' என்ற தகுதி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

தங்கச்சி இப்போது அந்தப் புதுக் கம்பெனியில் இயக்குநர். முதல் கூட்டத்திலேயே, "ஒருவேளை மூட வேண்டி வந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தாளாம். உங்கள் கம்பெனியிலும் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.