முத்திரை பதித்த செங்கலங்கள்

சூரியநெல்லியின் ஏலத் தோட்டங்களை அடுத்து ஓடும் பன்னியாறு, முதிரப்புழையாற்றின் வழியாகப் பெரியாற்றைச் சேர்கிறது. அப்பெரியாறு கடலை நெருங்கும் சமவெளியில் பட்டணம் என்னும் சிற்றூர் உள்ளது. பண்டைய முசிறித் துறைமுகத்தின் பகுதி எனப் பல அறிஞர்கள் கருதும் இவ்வூரில், 2007ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் அகழாய்வு நடத்தியது. மிளகு நாடி வந்த உரோமானிய வணிகத்தின் சுவடுகளாக, மது ஜாடிகளின் உடைசல்களோடு மெருகேறிய சிவப்புக் கலங்களின் துண்டுகளும் அங்கே கிடைத்தன.

இவ்வகைக் கலங்களுக்குப் பெயர்பெற்றது இத்தாலியின் அரேட்டியம் நகரம். இன்று அதன் பெயர் அரெஸ்ஸோ. அங்குள்ள குயவர்கள் முதலில் களிமண்ணால் அச்சுக் கிண்ணம் செய்தனர். அதன் உட்புறத்தில், மதுவின் தெய்வமான தியோனிசஸ், கலைத் தேவதையர் முதலிய புராண உருவங்களைச் சிறு முத்திரைகளால் பதித்துச் சுட்டனர். பின்னர் அவ்வச்சினுள் களிமண்ணை அழுத்திக் கலம் வனைந்தனர். காயும்போது கலம் சுருங்கி அச்சைவிட்டு எளிதில் பிரியும். உருவங்கள் அதன் வெளிப்புறத்தில் புடைத்து நிற்கும். நுண்களிமண் கரைசலில் தோய்த்துச் சுட்டதும் செம்மெருகு ஏறும். உருவமில்லாத எளிய தட்டுகளும் கிண்ணங்களும் உண்டு. பல கலங்களில் பட்டறையின் பெயரும் பொறிக்கப்பட்டது. இன்று நாம் நகையில் ஹால்மார்க் தேடுவது போன்றதே அது.

அம்முத்திரை வரலாற்றுக்கும் சான்றாயிற்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், பெயர் பொறித்த அரேட்டியக் கலத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவை செய்யப்பட்ட காலம் முன்பே தெரிந்திருந்தமையால், அதே மண்ணடுக்கில் கிடைத்த உள்நாட்டுக் கலங்களின் காலத்தையும் அவரால் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கிற்கு அது ஓர் அடித்தளமாயிற்று. 1989 முதல் 1992 வரை நடந்த மறு அகழாய்வு, அவ்வூரின் தொடக்கம் வீலர் எண்ணியதைவிடப் பழையது எனத் திருத்தியது.

ஓர் ஓட்டுத் துண்டின் மதிப்பு அதன் விலையில் இல்லை. அது கிடந்த இடத்திலும் அடுக்கிலும் உள்ளது. இடம்பெயர்த்து எடுத்துவிட்டால், கையொப்பமில்லாத பத்திரத்தைப் போல அதன் சாட்சியம் வலுவிழக்கும். கிணறு தோண்டும்போதோ, தோட்டத்தைக் கொத்தும்போதோ பழங்கலங்கள் தென்பட்டால், அவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்கோ வருவாய் அலுவலருக்கோ நாம் தெரிவிப்போம். முன்னோர் மண்ணில் விட்டுச்சென்ற வைப்பு அது. அதைக் குறையாமல் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் பொறுப்பு.